அலகில்லாத எண்

மார்ச் முப்பத்தொன்றோடு லைசென்ஸ் முடிகிறது.
புதுப்பிக்கக் கேட்கிற தொகைக்கு
காலடிப்பேட்டையில் எட்டு மாத ஆபீஸ் வாடகை கட்டலாம்,
ஏசிக்கு கேஸும் நிரப்பலாம்.
"வேற எதுனா பாருங்களேன்" என்றார் தணிகாசலம்,
வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு
அடுத்த கூடைக்கு நகர்கிறவர் மாதிரி.

பார்த்தோம்.
ஒன்று, வர்க்கமூலக் குறி போட
நான்கு விசைகளைச் சேர்த்து அமுக்கச் சொன்னது.
இன்னொன்று அழகு, ஆனால் இன்டர்நெட்டில் இருக்கிறது;
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி
கேபிளை இழுத்துக்கொண்டு போகிற நாட்களில்
கைகட்டி உட்கார வேண்டியதுதான்.
எக்ஸெல் போதுமே என்று ஆரம்பித்து
எச் பதினான்கு என்பது நீளமா பாரமா என்று
மறுநாளே மறந்து நின்றோம்.

நான்காவதை எப்சிபா கொண்டுவந்தாள்.
யாரோ ஓய்வு நேரத்தில் எழுதியது, காசில்லை.
பிரிண்ட் எடுத்தால் வலது ஓரம் வெட்டுப்படும்.
"பழைய கணக்கு ஒண்ணு குடுங்க, ஒத்துப் பாக்கலாம்."
கொடுத்தேன். எர்ணாவூர் குடோன் மேடை,
ஒன்பது வருஷத்துக்கு முந்தையது,
கீழே என் கையெழுத்து.
விடை 0.96.
எங்கள் தொழிலில் ஒன்றைத் தாண்டாதவரை எல்லாமே நிற்கும்.

அவள் தட்டிக்கொண்டிருந்தாள். நான் டீ வாங்கப் போனேன்.
வந்து பார்த்தால் திரையில் 1.05.

மென்பொருள் தப்பு என்றேன்.
டீ ஆறும்வரை அதையேதான் சொன்னேன்.
ஓசியில் வருவது இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னேன்.
அவள் ஏழாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.
சாம்பல் படிவு, மூன்று விரல் கனம்,
சதுர மீட்டருக்கு அறுபது கிலோ.
0.6 என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் 0.06.
பக்கத்தில் அலகு இல்லை.

நினைவு வந்தது.
இரவு பதினொன்றரை, காலையில் டிராயிங் போக வேண்டும்.
அலகு பொருந்தவில்லை பொருந்தவில்லை என்று
அந்த விலை உயர்ந்த மென்பொருள்
சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே இருந்தது.
அலகைக் கிள்ளிப் போட்டேன்.
ஆயிரத்தால் வகுத்து எண்ணை மட்டும் அடித்தேன்.
சிவப்பு போயிற்று.
அன்று ஒரு ராத்திரி எர்ணாவூரில் புவியீர்ப்பு இல்லை.

அலகு ஒடித்த காகம் எதைக் கொத்தும்?
ஒன்பது வருஷமாக என் தலைக்கு மேலேதான் உட்கார்ந்திருந்திருக்கிறது,
சத்தமில்லாமல்.

புதியது கிள்ள விடவில்லை.
எப்சிபா செய்து காட்டினாள்:
அலகை அழித்தால் அந்த வரியோடு எல்லாம் நின்றுவிடுகிறது,
ரேகை விழவில்லை என்று
ரேஷன் கடை மெஷின் நிற்கிற மாதிரி.
முறைக்கலாம், திட்டலாம்.
அரிசி வராது.

மத்தியானமே எர்ணாவூர் போனோம்.
மேடை நின்றுகொண்டிருந்தது.
மேலே மூட்டைகள், மூட்டைகளுக்கு மேல் சாம்பல்.
விரல் வைத்துப் பார்த்தேன், மூன்று சரியாக இருந்தது.
உத்தரத்தில் பெயின்ட் சுரண்டி, பசை தடவி,
தடிமன் மீட்டரை ஒட்டினால் 11.4 காட்டுகிறது.
டிராயிங்கில் பத்து.

ஆரோக்கியநாதனுக்கு போன் போட்டேன்.
பின்னால் கிரைண்டர் சத்தம்.
"அப்ப பத்து எம்எம் எங்க கெடச்சிச்சு?
பன்னெண்டு இர்ந்துச்சு, போட்டு வுட்டேன்.
பத்துக்குத்தான் பில்லு.
ஏன் சார், எதுனா பிரச்சனையா?"

இல்லை என்றேன்.
பன்னிரண்டில் குறைந்த அந்த 0.6
கடல்காற்று தின்றது.

ராத்திரி புதிய கோப்பு.
தகடு 11.4, இடைவெளி விட்டு, மில்லிமீட்டர்.
விடை 0.92.
தணிகாசலம் எட்டிப் பார்த்து "எவ்ளோ?" என்றார்.
அவர் கேட்டது விலையை.

இந்த மென்பொருளில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே
ஆதாரம் என்று ஒரு கட்டம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
எப்சிபா நாற்காலியை நகர்த்தி விசைப்பலகையை என்னிடம் கொடுத்தாள்.
தடிமன் எண்ணுக்கு எதிரே அடித்தேன்:
கடையில் பத்து இல்லை.